பெர்முடா முக்கோணம்: மலையில் இருப்பவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகள்

கோத்தகிரிப் பக்கம் ஒரு பள்ளியில் புவியியல் நடத்துகிறேன். அட்லாண்டிக் பெருங்கடல் பாடம் வரும் வாரத்தில் கடைசி பெஞ்சில் ஒரு கை உயரும். என்ன கேட்கப் போகிறார்கள் என்று எழுந்து நிற்பதற்குள் தெரிந்துவிடும். கப்பலும் விமானமும் மாயமாகும் என்கிறார்களே, அந்தப் பெர்முடா முக்கோணம்தான். பள்ளிக்கு வெளியேயும் இதே கேள்விதான். மேட்டுப்பாளையம் இறங்கும் பஸ்ஸில் கேட்பார்கள், கொழுந்து எடை போடும் இடத்தில் கேட்பார்கள், இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பி "இது நிஜமா டீச்சர்?" என்பார்கள். கேட்டவர்கள் கேட்ட சொல்லிலேயே கேள்விகளை எழுதி, எனக்கு உறுதியாகத் தெரிந்ததைப் பதிலாகத் தந்திருக்கிறேன்.

பெர்முடா முக்கோணம்னா சரியா எங்க இருக்கு? அட்லஸ்ல தேடினா கிடைக்கவே இல்லையே?

அட்லஸில் இருக்காது. அமெரிக்க அரசின் இடப்பெயர் வாரியம் இப்படி ஒரு பெயரை ஏற்கவில்லை. மியாமி, பெர்முடா தீவு, போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் ஆகிய மூன்றையும் கோடிட்டு இணைத்தால் வரும் கடல்பரப்பைத்தான் மக்கள் அப்படிச் சொல்கிறார்கள். எங்கள் வகுப்புச் சுவரில் உள்ள உலகப் படத்தில் பிள்ளைகளே மூன்று குண்டூசி குத்தி, ஸ்வெட்டர் பின்னி மிஞ்சிய சிவப்புக் கம்பளி நூலை இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். நூல் கட்டிய பிறகுதான் அதன் அளவு அவர்களுக்கு உறைத்தது. ஏறக்குறைய 13 லட்சம் சதுர கிலோமீட்டர். பத்துத் தமிழ்நாட்டை உள்ளே வைக்கலாம்.

ஏதோ ஒரு சுழி, ஒரு பள்ளம், அதில் போனவர்கள் வருவதில்லை என்று நினைத்துக்கொண்டுதான் பெரும்பாலானவர்கள் பேச ஆரம்பிக்கிறார்கள். அது கிணறு அல்ல, உலகிலேயே கப்பல் நெரிசல் மிகுந்த கடல்வெளிகளில் ஒன்று. அமெரிக்கத் துறைமுகங்களுக்கும் கரீபியன் தீவுகளுக்கும் ஐரோப்பாவுக்கும் போகும் சரக்குக் கப்பல்கள், சுற்றுலாக் கப்பல்கள், மீன்பிடிப் படகுகள், தலைக்கு மேலே விமானங்கள் என்று எல்லாம் தினமும் அதன் வழியேதான் போகின்றன.

இந்தப் பேரை முதல்ல யாரு வச்சது? அந்தக் காலத்து மாலுமிங்களா?

இல்லை. பெயருக்கு வயது 60 சொச்சம்தான். 1950-இல் ஒரு செய்தி நிறுவனத்துக்காக எட்வர்ட் ஜோன்ஸ் என்பவர் அந்தப் பக்கம் காணாமல் போன கப்பல், விமானங்களைத் தொகுத்து ஒரு கட்டுரை எழுதினார். பெயரைச் சூட்டியவர் வின்சென்ட் காடிஸ். 1964 பிப்ரவரியில் ஒரு அமெரிக்கக் கதை இதழில் அவர் கட்டுரை வந்தது. 1974-இல் சார்லஸ் பெர்லிட்ஸ் எழுதிய புத்தகம் பல மொழிகளுக்குப் போய், லட்சக்கணக்கில் விற்று, நம் ஊர்ப் பத்திரிகைகள் வரை கதையைக் கொண்டு வந்து சேர்த்தது.

கொலம்பஸ் 1492-இல் அங்கே விசித்திர ஒளி பார்த்தார் என்று சேர்த்துச் சொல்வார்கள். அவர் கடலில் தூரத்தில் ஒரு சிறு வெளிச்சத்தைப் பார்த்ததாகக் குறிப்பு எழுதியது உண்மை. சில மணி நேரத்தில் கரை தெரிந்தது என்பதும் அதே குறிப்பில் இருக்கிறது. கதை சொல்கிறவர்கள் இந்த இரண்டாவது பாதியை விட்டுவிடுகிறார்கள்.

மொத்தம் எத்தனை கப்பல், எத்தனை பிளேன் காணாம போச்சு டீச்சர்? நம்பர் சொல்லுங்க.

நம்பகமான எண் கிடையாது. அதிகாரபூர்வ எல்லை இல்லாத இடத்துக்குக் கணக்கு எடுக்க முடியாது. ஆளாளுக்குக் கோட்டை இழுத்து நீட்டிக்கொள்கிறார்கள். அமெரிக்கக் கடலோரக் காவல்படையும், அங்குள்ள கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவாவும் சொல்வது இதுதான்: கப்பல் நடமாட்டம் மிகுந்த மற்ற பெருங்கடல் பகுதிகளைவிட இங்கே விபத்து அதிகம் என்பதற்கு ஆதாரம் இல்லை.

அஞ்சு போர் விமானம் ஒரே நேரத்துல மறைஞ்சுது. அது நடந்ததுதானே?

நடந்தது. 1945 டிசம்பர் 5. புளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேல் கடற்படைத் தளத்திலிருந்து பிற்பகல் 2 மணி 10 நிமிடத்துக்கு ஐந்து அவெஞ்சர் விமானங்கள் பயிற்சிக்குக் கிளம்பின. உள்ளே 14 பேர். 'ஃப்ளைட் 19' என்பது அந்தப் பயிற்சிக் குழுவின் பெயர். தலைமை லெப்டினன்ட் சார்லஸ் டெய்லர், போரில் பறந்த அனுபவசாலி, ஆனால் இந்தத் தளத்துக்குப் புதியவர். கிழக்கே போய்க் கடலில் குண்டு போடும் பயிற்சி, பிறகு வடக்கே பஹாமாஸ் தீவுகளைக் கடந்து, மேற்கே திரும்பி வீடு. திட்டம் அவ்வளவுதான்.

சுமார் 3:40 மணிக்கு டெய்லர் வானொலியில் தன் திசைகாட்டிகள் இரண்டும் பழுது என்றார். கீழே தெரிந்த சிறு தீவுகளைப் பார்த்து, தான் புளோரிடாவின் தென்முனைத் தீவுகளுக்கு மேலே இருப்பதாக நம்பினார். அவர் முன்பு பறந்து பழகிய இடம் அது. உண்மையில் அவர்கள் பஹாமாஸ் பக்கம் இருந்தார்கள். தென்முனைத் தீவுகளிலிருந்து வடகிழக்கே போனால் புளோரிடாக் கரை வரும். பஹாமாஸிலிருந்து வடகிழக்கே போனால் திறந்த அட்லாண்டிக். கோத்தகிரியிலிருந்து பனிமூட்டத்தில் கிளம்பி, குன்னூர்ச் சாலையில் போவதாக நினைத்து மேட்டுப்பாளையம் சாலையில் இறங்குகிறவரை நினைத்துப் பாருங்கள். அவர் வேகம் கூட்டக் கூட்ட வீடு தூரமாகிக்கொண்டே போகும்.

மேற்கே பறந்தால் வீடு வந்துவிடும் என்று பயிற்சி விமானி ஒருவர் சொன்னது பதிவில் இருக்கிறது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகும். திசை மாற்றி மாற்றிப் பறந்தார்கள். 5:30 மணி வாக்கில் பொழுது சாய்ந்தது. வானிலை கெட்டது, கடல் கொந்தளித்தது. யாருடைய டேங்க்கிலாவது எரிபொருள் 10 கேலனுக்குக் கீழே போனால் எல்லோரும் சேர்ந்தே கடலில் இறங்குவோம் என்று டெய்லர் சொன்னார். 7:04 மணிக்குப் பிறகு குரல் இல்லை. "தண்ணீர் வெள்ளையாக இருக்கிறது", "கடல் வழக்கம்போல் இல்லை" என்று வீடியோக்களில் வரும் வசனங்கள் வானொலிப் பதிவில் கிடையாது. பின்னால் எழுதிச் சேர்த்தவை.

கடற்படை முதலில் டெய்லர்மீது தவறு என்று அறிக்கை எழுதியது. விமானங்களே கிடைக்காதபோது மகனை எப்படிக் குற்றவாளி ஆக்கலாம் என்று அவருடைய தாய் போராடினார். அறிக்கை "காரணம் தெரியவில்லை" என்று திருத்தப்பட்டது. மர்மம் என்று உலகம் பிடித்துக்கொண்ட அந்த இரண்டு சொல் அந்தத் தாய்க்காக எழுதப்பட்டவை. 1991-இல் ஃபோர்ட் லாடர்டேல் அருகே கடலடியில் ஐந்து அவெஞ்சர்கள் கிடைத்தபோது இவைதான் என்று உலகமே பரபரத்தது. எண்களை ஒப்பிட்டதில் அவை வேறு விமானங்கள் என்று தெரிந்தது.

சரி, ஆனா தேடப் போன பிளேனும் காணாம போச்சே? அதுக்கு என்ன சொல்றீங்க?

அது பெரிய மர்மம் இல்லை. அன்றிரவு 7:27 மணிக்கு 13 பேருடன் ஒரு மரைனர் வகைத் தேடல் விமானம் கிளம்பியது. 7:50 மணிக்கு 'கெயின்ஸ் மில்ஸ்' என்ற எண்ணெய்க் கப்பலில் இருந்தவர்கள் வானத்திலிருந்து தீ விழுந்து, கடலில் எண்ணெய் எரிவதைப் பார்த்தார்கள். ரேடாரிலும் அதே நேரத்தில் ஒரு புள்ளி மறைந்தது. இவ்வகை விமானத்தில் எரிபொருள் ஆவி கசியும் சிக்கல் இருந்ததால் கடற்படை விமானிகள் அதைப் பறக்கும் பெட்ரோல் டேங்க் என்றே அழைத்தார்கள்.

வீடியோக்காரர்கள் எண்ணெய்க் கப்பலின் சாட்சியத்தை வெட்டிவிட்டு "அதுவும் மாயமானது" என்று முடிக்கிறார்கள். அந்த 13 பேர் எப்படி இறந்தார்கள் என்று கண்ணால் பார்த்துச் சொன்னவர்கள் இருக்கிறார்கள். அதை மறைப்பது எனக்குக் கோபம் வரவழைக்கும் விஷயம்.

அங்க காம்பஸ் வேலை செய்யாதாமே, மிஸ்? முள்ளு கிறுகிறுன்னு சுத்துமாம்?

சுற்றாது. பூமியின் உண்மையான வடக்கு ஒன்று, காந்தமுள் காட்டும் வடக்கு இன்னொன்று. இரண்டுக்கும் உள்ள கோண வித்தியாசம் இடத்துக்கு இடம் மாறும். மாலுமிகள் அதைக் கூட்டிக் கழித்தே வழி பார்ப்பார்கள். சில இடங்களில் வித்தியாசம் சுழியமாகிவிடும். அந்த இடங்களை இணைக்கும் கோடு ஒருகாலத்தில் முக்கோணப் பகுதிக்குள் போனது. இப்போது மெக்சிகோ வளைகுடாப் பக்கம் நகர்ந்துவிட்டது. வித்தியாசம் இல்லாத இடத்திலும் பழக்கத்தில் கூட்டிக் கழித்தால் வழி தவறும், அவ்வளவுதான். நம் தென்னிந்தியாவிலும் இந்த வித்தியாசம் மிகச் சிறியது. இங்கே யாருடைய முள்ளும் சுற்றுவதில்லை.

வகுப்பில் இதைச் செய்து காட்டுவேன். மர மேசையில் வைத்தால் திசைகாட்டி முள் தொட்டபெட்டா இருக்கும் பக்கத்துக்கும் வடக்குக்கும் உள்ள கோணத்தைச் சரியாகக் காட்டும். அதையே இரும்புக் கால் பெஞ்சின் ஓரத்தில் வைத்தால் முள் விலகும். செல்போனின் ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோனால் முள் துடித்துத் திரும்பும். பிள்ளைகள் மூச்சு விடாமல் பார்ப்பார்கள். இரும்பும் மின்கம்பியும் நிறைந்த விமானத்துக்குள் ஒரு திசைகாட்டி கெடுவதற்குக் கடலில் காந்தமலை தேவையில்லை.

300 பேரோட பெரிய கப்பல் ஒண்ணு, ஒரு எஸ்ஓஎஸ் கூட அனுப்பாம போச்சாமே?

'சைக்ளோப்ஸ்'. அமெரிக்கக் கடற்படையின் நிலக்கரிக் கப்பல். 1918 மார்ச் 4 அன்று பார்படோஸிலிருந்து பால்டிமோருக்குக் கிளம்பியது. 306 பேர். போர்ச் சண்டை இல்லாமல் அந்தக் கடற்படை ஒரே நிகழ்வில் இழந்த உயிர்களில் இதுவே அதிகம். கப்பலும் கிடைக்கவில்லை, செய்தியும் இல்லை. ஜெர்மன் நீர்மூழ்கி அடித்திருக்கும் என்று சந்தேகப்பட்டார்கள். போர் முடிந்த பிறகு ஜெர்மன் ஆவணங்களைப் பார்த்ததில் அப்படி ஒன்றும் இல்லை.

என்ன ஏற்றியிருந்தது என்று பாருங்கள். பத்தாயிரம் டன்னுக்கு மேல் மாங்கனீசுத் தாது. நிலக்கரிக்காகக் கட்டிய கப்பல் அது. தாது நிலக்கரியைவிட மிகவும் கனம். தினமும் கொழுந்து மூட்டை ஏற்றும் பிக்கப்பில் ஒருநாள் கருங்கல் ஏற்றினால் பாதி தொட்டிகூட நிறையாது, ஆனால் பட்டை உட்கார்ந்துவிடும். எங்கள் ஊர் டிரைவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சைக்ளோப்ஸின் இரண்டு எஞ்சின்களில் ஒன்று பழுதாகி, ஒற்றை எஞ்சினில் ஓடிக்கொண்டிருந்தது. வழியில் வர்ஜீனியாப் பக்கம் பலத்த காற்று. இதே வடிவில் கட்டிய 'புரோட்டியஸ்', 'நீரியஸ்' என்ற இரண்டு கப்பல்கள் 1941 கடைசியில் கனமான தாது ஏற்றிப் போகும்போது இதேபோலக் காணாமல் போயின. மூன்று கப்பலுக்கும் பொதுவாக இருந்தவை உடற்கட்டும் சுமையும். கப்பல் நடுவில் முறிந்தால் எஸ்ஓஎஸ் அனுப்ப நேரம் கிடைக்காது.

உடைஞ்ச பலகை, சட்டை, ஒரு செருப்பு கூடவா கிடைக்காது டீச்சரம்மா?

இதைக் கேட்டவர் பக்கத்து லயனில் இருக்கும் ஒரு பாட்டி. இலங்கைத் தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பிய சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தில் தலைமன்னாரிலிருந்து ராமேசுவரத்துக்குக் கப்பலில் வந்தவர். வாழ்க்கையில் கடலைப் பார்த்தது அந்த ஒரு நாள்தான். அவர் கேள்வியில் மர்மத்தைவிட அக்கறைதான் அதிகம் இருந்தது. எரிக்கவும் புதைக்கவும் ஏதாவது வேண்டாமா என்றார்.

வளைகுடா நீரோட்டம் என்று ஒன்று அந்தக் கடலில் ஓடுகிறது. கடலுக்குள்ளேயே ஓடும் வெதுவெதுப்பான ஆறு. மேற்பரப்பில் சில இடங்களில் விநாடிக்கு இரண்டு மீட்டருக்கு மேல் வேகம். அந்த வேகத்தில் அகப்பட்ட பலகை ஒரே நாளில் 170 கிலோமீட்டர் போய்விடும். கோயம்புத்தூரில் விழுந்ததை மறுநாள் சேலத்தில் தேட வேண்டும். 1945-இல் செயற்கைக்கோள் கிடையாது. விழுந்த இடமே தெரியாது, விழுந்த நேரமும் தெரியாது.

மிதக்காதது அடியில் போகும். போர்ட்டோ ரிக்கோவுக்கு வடக்கே உள்ள அகழிதான் அட்லாண்டிக்கிலேயே ஆழமானது, 8,000 மீட்டருக்கு மேல். தொட்டபெட்டா 2,637 மீட்டர். மூன்று தொட்டபெட்டாவை ஒன்றன்மேல் ஒன்றாக அதில் நிறுத்தினாலும் உச்சி தண்ணீருக்கு வெளியே வராது. பாட்டிக்கு இதைச் சொன்னபோது தொட்டபெட்டா இருக்கும் திசையை ஒருமுறை பார்த்துவிட்டு, "மூணா?" என்று மட்டும் கேட்டார்.

மீத்தேன் வாயு, அறுகோண மேகம், ராட்சத அலை... இதெல்லாம் விஞ்ஞானம்தானே? யூடியூப்ல விஞ்ஞானிங்களே சொல்றாங்க.

மூன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். கடலடியில் உறைந்த மீத்தேன் இருப்பதும், பெருமளவில் வெளியேறினால் தண்ணீரின் மிதக்கவைக்கும் திறன் குறையும் என்பதும் உண்மை. ஆனால் அந்தப் பகுதியில் கடந்த 15,000 ஆண்டுகளில் அப்படிப் பெரிய வெளியேற்றம் எதுவும் நடந்ததாகத் தெரியவில்லை என்பது அமெரிக்க நிலவியல் ஆய்வு மையத்தின் நிலைப்பாடு. அறுகோண மேகம் 2016-இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியிலிருந்து பரவியது. வானிலையாளர்கள் அதை ஏற்கவில்லை, அத்தகைய மேக வடிவங்கள் வேறு கடல்களிலும் தெரிகின்றன.

ராட்சத அலை நிஜம். 1995 ஜனவரி 1 அன்று வட கடலில் ஒரு எரிவாயுக் குழாய் மேடையில் 25.6 மீட்டர் அலை கருவியில் பதிவானது. ஆனால் அது நடந்தது ஐரோப்பாவில். எந்தப் பெருங்கடலிலும் எழக்கூடிய ஒன்றை முக்கோணத்துக்கு மட்டும் எழுதிவைக்க முடியாது. பஹாமாஸின் பிமினி தீவருகே 1968-இல் கண்ட கற்பாதை, கடலில் மூழ்கியதாகக் கதைகளில் வரும் அட்லாண்டிஸ் நகரத்துச் சாலை என்பதும் இதே ரகம், அது இயற்கையாக வெடித்த கடற்கரைப் பாறை.

நம்ம காட்டேரில ஹெலிகாப்டர் மிஸ்ட்டுக்குள்ள போன மாதிரிதான் அங்கயும் நடந்திருக்குமா?

வெலிங்டனில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் கேட்டார். இத்தனை கேள்விகளில் என்னை அதிக நேரம் யோசிக்கவைத்தது இதுதான்.

2021 டிசம்பர் 8. சூலூரிலிருந்து வெலிங்டன் ராணுவக் கல்லூரிக்கு வந்த எம்ஐ-17 ஹெலிகாப்டர் குன்னூர் அருகே காட்டேரி, நஞ்சப்பசத்திரம் பகுதியில் விழுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத், அவர் துணைவியார் உட்பட 13 பேர் அன்றே இறந்தார்கள். உயிரோடு மீட்கப்பட்ட ஒருவரும் டிசம்பர் 15 அன்று போய்விட்டார். ஊர் மக்கள் கம்பளியையும் தண்ணீரையும் தூக்கிக்கொண்டு தீயை நோக்கி ஓடினார்கள். அந்த டிசம்பர் எப்படி இருந்தது என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். மேகம் தேயிலைச் செடி மட்டத்துக்கு இறங்கிவிட்டால் பத்தடி முன்னால் போகிறவரின் குடை மட்டும்தான் தெரியும், ஆள் தெரியமாட்டார்.

முப்படை விசாரணை 2022 ஜனவரியில் முடிவைச் சொன்னது. இயந்திரக் கோளாறோ சதியோ கவனக்குறைவோ இல்லை. பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறி, ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்து, விமானிக்குத் திசைமயக்கம் ஏற்பட்டது. வெளியே எதுவும் தெரியாதபோது காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு பொய் சொல்லும். சாய்ந்து போகிறோம் என்பதே உடம்புக்குத் தெரியாது. எவ்வளவு தேர்ந்த விமானிக்கும் இது நடக்கும். கடலின் மேல் இருட்டிலும் மேகத்திலும் பறந்தவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில், சிலவற்றில் நடந்திருக்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விபத்துக்கும் விசாரணை முடிவுக்கும் இடையே ஐந்து வாரம்தான். அந்த ஐந்து வாரத்தில் எத்தனை கதைகள் கிளம்பின என்று நம் செல்போன்களுக்குத் தெரியும். உடைந்த பாகங்கள் கையில் இருந்தும், பார்த்தவர்கள் ஊரிலேயே இருந்தும் அத்தனை கதை. பாகமே கிடைக்காமல், பார்த்தவரே இல்லாமல், 80 ஆண்டு ஓடியிருந்தால்?

1925-ல காணாம போன கப்பல் 90 வருஷம் கழிச்சு கியூபா கிட்ட தானா மிதந்து வந்துச்சாமே?

வரவில்லை. 2015-இல் ஒரு பொய்ச்செய்தித் தளம் கட்டிவிட்ட கதை அது. 'கோட்டபாக்ஸி' என்ற அந்தக் கப்பல் 1925 நவம்பர் கடைசியில் நிலக்கரி ஏற்றிக்கொண்டு சார்ல்ஸ்டனிலிருந்து ஹவானாவுக்குக் கிளம்பியது. 32 பேர். கப்பல் சாய்கிறது, தண்ணீர் ஏறுகிறது என்று அபாயச் செய்தி அனுப்பியது. அப்போது அந்தப் பகுதியில் புயல்.

2020-இல் புளோரிடாவின் செயின்ட் அகஸ்டின் கரைக்கு அப்பால் கிடக்கும் ஒரு சிதைவு இதுதான் என்று அடையாளம் கண்டார்கள். சிதைவு இருப்பது உள்ளூர் மீனவர்களுக்கும் முக்குளிப்பவர்களுக்கும் பல பத்தாண்டுகளாகவே தெரியும், அதன் பெயர் மட்டும்தான் தெரியாமல் இருந்தது.

சாப்பாடு சூடா இருக்க ஆளே இல்லாம மிதந்த கப்பல்?

'மேரி செலஸ்ட்'. 1872 டிசம்பரில் அசோர்ஸ் தீவுகளுக்கும் போர்ச்சுகலுக்கும் இடையே ஆளில்லாமல் கண்டெடுத்தார்கள். சூடான சாப்பாடு கட்டுக்கதை. 10 பேரும் உயிர்காப்புப் படகோடு காணாமல் போனது உண்மை. சுவரில் நம் சிவப்பு நூலைப் பாருங்கள், அந்த இடம் அட்லாண்டிக்கின் மறுகரை. 'ஃப்ரேயா' என்ற ஜெர்மன் கப்பலையும் பட்டியலில் சேர்ப்பார்கள். அது 1902-இல் கைவிடப்பட்டது மெக்சிகோவின் மேற்கே, பசிபிக் பெருங்கடலில்.

இதையெல்லாம் வெளியே கொண்டுவந்தவர் லாரன்ஸ் குஷே என்ற அமெரிக்க நூலகர். மாணவர்கள் ஓயாமல் முக்கோணத்தைப் பற்றிக் கேட்டதால், ஒவ்வொரு சம்பவத்துக்கும் அன்றைய செய்தித்தாளையும் வானிலைக் குறிப்பையும் வரவழைத்துப் படித்தார். "அமைதியான கடல்" என்று எழுதப்பட்ட நாள்களில் புயல் இருந்ததைக் கண்டார். 1975-இல் அவர் முடிவுகள் புத்தகமாக வந்தன. ஒரு நூலகர் பொறுமையாக உட்கார்ந்து செய்த வேலை. என் மாணவர்களிடம் நான் அதிகம் சொல்லும் பெயர் அவருடையதுதான்.

மலேசிய விமானமும் அங்கதானே போச்சு? நம்ம தாம்பரம் விமானம்?

இரண்டும் வேறு கடல். மலேசியாவின் எம்ஹெச்370, 239 பேருடன் 2014 மார்ச் 8 அன்று காணாமல் போனது இந்தியப் பெருங்கடலில். 2015-இல் அதன் இறக்கைப் பாகம் ஒன்று ரீயூனியன் தீவில் ஒதுங்கியது.

2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் போன விமானப்படையின் ஏஎன்-32 வங்கக்கடலில் மறைந்தது, 29 பேர். கப்பல்களும் விமானங்களும் வாரக்கணக்கில் தேடின. ஏழரை ஆண்டு ஒன்றுமில்லை. 2024 ஜனவரியில், சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் தானியங்கி நீர்மூழ்கிக் கருவி, கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் பாகங்களைப் படம் எடுத்தது. நம் வங்கக்கடலிலேயே இவ்வளவு காலம் ஆனது. முன்பு சொன்ன போர்ட்டோ ரிக்கோ அகழி இதைவிட இரண்டு மடங்குக்கு மேல் ஆழம்.

அப்போ விளக்கம் கிடைக்காததுன்னு ஒண்ணுகூட இல்லையா? எல்லாத்துக்கும் பதில் வச்சிருக்கீங்களே.

இருக்கின்றன. 1948 ஜனவரி 30 அன்று அசோர்ஸிலிருந்து பெர்முடா போன 'ஸ்டார் டைகர்', 31 பேர். 1949 ஜனவரி 17 அன்று பெர்முடாவிலிருந்து ஜமைக்கா போன 'ஸ்டார் ஏரியல்', 20 பேர். இரண்டும் ஒரே நிறுவனத்தின் டியூடர் வகை விமானங்கள். முதலாவது எதிர்க்காற்றில், தாழ்வாக, நீண்ட தூரம் பறந்தது. இரண்டாவது நல்ல வானிலையில் போனது. இரண்டுக்குமே விசாரணையில் காரணம் உறுதியாகவில்லை. அதன் பிறகு அந்த நிறுவனம் அந்த வகை விமானத்தில் பயணிகளை ஏற்றுவதை நிறுத்தியது. கடலைச் சந்தேகிக்கும் முன் விமானத்தைச் சந்தேகித்தார்கள் என்று பொருள்.

காரணம் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே விட வேண்டும். அந்த இடத்தில் வேற்றுக்கிரகவாசியை உட்காரவைப்பது பதில் ஆகாது.

இப்பவும் கப்பல் மூழ்குதா அங்க?

மூழ்கியிருக்கிறது. 2015 அக்டோபர் 1, 'எல் ஃபாரோ' என்ற சரக்குக் கப்பல், ஜாக்சன்வில்லிலிருந்து சான் ஹுவானுக்கு. 33 பேர், ஒருவரும் பிழைக்கவில்லை. முக்கோணத்துக்குள்ளேதான். ஆனால் யாரும் மர்மம் என்று சொல்லவில்லை, ஏனென்றால் 4,600 மீட்டர் ஆழத்திலிருந்து கப்பலின் ஒலிப்பதிவுப் பெட்டியை மறு ஆண்டே எடுத்துவிட்டார்கள். 26 மணி நேரப் பேச்சு அதில் இருந்தது. வாக்கீன் புயலைப் பற்றிய பழைய தகவலை நம்பி அதன் பாதைக்குள் போனதும், கப்பல் சாய்ந்து எண்ணெய் ஓட்டம் நின்று எஞ்சின் அணைந்ததும் மணிவாரியாகத் தெரிந்தன. 1918-இல் இப்படி ஒரு பெட்டி இருந்திருந்தால் சைக்ளோப்ஸின் கதையும் நமக்குத் தெரிந்திருக்கும்.

அக்கா, என் தம்பி மெர்ச்சன்ட் நேவில சேர்ந்துட்டான். கப்பல் அந்த வழியாதான் போகுதாம். அம்மா வீடியோவைப் பார்த்துட்டு தூங்கவே மாட்டேங்குறாங்க. என்ன சொல்றது?

அவர்களுக்கு மேலே எழுதியதில் பாதி தேவையில்லை. அட்லாண்டிக் புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை என்பதையும், புயல் உருவானால் பல நாள் முன்பே எச்சரிக்கை வரும், கப்பல்கள் பாதையை மாற்றிக்கொள்ளும் என்பதையும் சொல்லுங்கள். கப்பல் மூழ்கினால் தானாகவே மேலே மிதந்து செயற்கைக்கோளுக்கு இருப்பிடத்தை அனுப்பும் கருவி தம்பியின் கப்பலில் இருக்கும். 1945-இல் அது இல்லை.

கப்பல்கள் தங்கள் இருப்பிடத்தை ஒலிபரப்பிக்கொண்டே போகும். கப்பலின் பெயரைப் போட்டால் செல்போனிலேயே அது எங்கே என்று பார்க்கலாம். ஒன்றை முன்கூட்டியே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். இலவசச் சேவைகள் கரையோர அலைவாங்கிகளை நம்பியிருப்பவை. நடுக்கடலுக்குப் போனால் ஒரு நாள், இரண்டு நாள் அம்புக்குறி நகராமல் நிற்கும், சில நேரம் படத்திலேயே இருக்காது. கப்பல் இருக்கிறது, சமிக்ஞைதான் எட்டவில்லை. இதைச் சொல்லாமல் செல்போனைக் கொடுத்தால் அவர் இன்னும் பயந்துபோவார்.

கேட்ட பெண் அன்று மாலையே அம்மாவை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். புளோரிடாக் கரையருகே வந்திருந்த பச்சை அம்புக்குறியை மூவரும் பார்த்தோம். சுற்றிலும் நூற்றுக்கணக்கான அம்புகள், ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. "இதெல்லாம் கப்பலா?" என்றார் அம்மா. ஆமாம் என்றேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, அங்கே இப்போது மணி என்ன, சாப்பிட்டிருப்பானா என்று கேட்டார். இங்கே இரவு ஒன்பது, அங்கே காலை பதினொன்றரை. இனிமேல்தான் சாப்பிடுவான் என்றேன்.